முதல் நாளையே தாண்ட முடியவில்லை: ப்ராஜெக்ட் ஸோம்பாய்ட் தெரிந்தவர்கள் உதவுங்கள்

குடியாத்தம் தறி

வணக்கம். பெரியப்பா மகன் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ஸ்டீம் என்ற இணையக் கடையில் இந்தக் கணினி விளையாட்டை எனக்கு வாங்கிக் கொடுத்தான். ஜாம்பிகள், அதாவது நடமாடும் பிணங்கள், நிறைந்த ஊரில் பிழைத்திருப்பதுதான் ஆட்டம். "ஒரு வாரம் உயிரோடு இருந்து காட்டு" என்று சவாலும் விட்டுப் போயிருக்கிறான். ஒரு வாரமா? எனக்கு முதல் நாள் பொழுது சாய்வதே பெரும்பாடாக இருக்கிறது.

நடப்பது எப்போதும் இதுதான். வெஸ்ட் பாயின்ட் என்ற ஊரில் ஒரு வீட்டில் கண் விழிக்கிறேன். அடுக்களையில் இருப்பதை எல்லாம் அள்ளிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது. ஜன்னலை உடைத்து ஏறுகிறேன், கையெல்லாம் ரத்தம். சில வீடுகளில் அலாரம் வேறு அலறுகிறது. ஐந்து நிமிடத்தில் தெரு முழுக்க ஜாம்பிகள். ஓடுகிறேன். திரையின் வலது ஓரத்தில் சின்னச் சின்னப் படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து சிவக்கின்றன. திரும்பி நின்று வாணலியால் அடித்தால் ஒன்றும் விழுவதில்லை. அதன்பிறகு சொல்ல என்ன இருக்கிறது?

'நீ இறந்த கதை இது' என்று ஆட்டம் தொடங்கும்போதே எழுதிக் காட்டுகிறார்கள். சரி, இறக்கிறேன், கொஞ்சம் வாழ்ந்துவிட்டு இறக்கக் கூடாதா? நல்ல ஆயுதம் எங்கே கிடைக்கும்? என் ஆளுக்கு எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? கூட்டம் சேர்ந்தால் என் லேப்டாப்பும் திணறுகிறது, அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

காட்பாடி சந்திப்பு

எந்தப் பதிப்பு, 41ஆ 42ஆ? எந்த விளையாட்டு முறை? இதைச் சொல்லாமல் கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் வரும்.

குடியாத்தம் தறி

பதிப்பு 41. முறை அபோகாலிப்ஸ். பட்டியலில் முதலில் இருந்ததை அழுத்தினேன்.

காட்பாடி சந்திப்பு

அப்படியானால் பாதி விடை கிடைத்துவிட்டது. தொடங்குவதற்கு நான்கு ஊர்கள் தருகிறார்கள்: மல்ட்ரா, ரிவர்சைடு, ரோஸ்வுட், வெஸ்ட் பாயின்ட். நான்கில் புதியவர்களுக்கு ஆகாதது வெஸ்ட் பாயின்ட். ஆற்றங்கரையை ஒட்டி வீடுகளும் கடைகளும் நெருக்கமாக இருக்கும், அதற்கேற்றபடி ஜாம்பிகளும் நெருக்கமாக இருக்கும். ரோஸ்வுட் அல்லது ரிவர்சைடுக்குப் போங்கள். ரோஸ்வுட் சின்ன ஊர், தீயணைப்பு நிலையமும் காவல் நிலையமும் அங்கேயே இருக்கின்றன. தீயணைப்பு நிலையத்தில் கோடரி கிடைக்க வாய்ப்பு அதிகம். ஊருக்கு வெளியே இருக்கும் சிறைச்சாலைப் பக்கம் மட்டும் இப்போதைக்குத் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

தொழில் என்றால் தீயணைப்பு வீரர். உடல் வலு, உடல் தகுதி, கோடரிப் பழக்கம் மூன்றும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஆளை உருவாக்கும்போது சில குறைகளை ஏற்றால் நல்ல திறன்கள் வாங்கப் புள்ளி கிடைக்கும். அப்படிக் குறைகளைத் தேர்ந்தெடுத்துப் புள்ளி சேர்க்கும்போது உடல் தகுதியைக் குறைக்கும் எதையும் தொடாதீர்கள், ஆஸ்துமாவையும் தொடாதீர்கள். அதிகத் தாகம், புகைப்பழக்கம் போன்றவற்றை எடுத்துக்கொள்ளலாம். குழாயில் தண்ணீர் வரும் நாட்களில் தாகம் ஒரு பெரிய குறையே இல்லை.

சத்துவாச்சாரி அக்கா

தம்பி, ஊரை மாற்றுங்கள், சரி. ஆனால் ஊரை மாற்றினால் மட்டும் பிழைக்க மாட்டீர்கள். நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள்: "ஓடுகிறேன்." உங்களைக் கொல்வது அதுதான். ஜாம்பி கடைசியில் வந்து கையெழுத்துப் போடுகிறது, அவ்வளவுதான்.

வலது ஓரத்தில் சிவந்த படங்கள் என்றீர்களே, அவற்றை மூடில் என்பார்கள். மேலே சுட்டியை வைத்தால் ஒவ்வொன்றும் என்னவென்று சொல்லும். உங்களுக்கு வந்தவற்றில் ஒன்று களைப்பு, ஒன்று பீதி, ஒன்று நிச்சயமாக அதிகச் சுமை. அடுக்களையை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் வேறென்ன வரும்? களைத்த கையால் அடித்தால் அடியில் வலு இருக்காது. வாணலி விழாமல் போனதற்கு வாணலியைக் குறை சொல்லாதீர்கள். கோடரியே கையில் இருந்திருந்தாலும் அப்போது அதே கதைதான்.

இந்த ஆட்டத்து ஜாம்பிகள் இயல்பான அமைப்பில் ஓடுவதில்லை. சாதாரண நடையில் போனாலே பெரும்பாலானவை உங்களை எட்டிப் பிடிக்காது. நெருங்கிவிட்டால் ஷிஃப்ட்டை அழுத்திக் கொஞ்ச தூரம் மெல்ல ஓடி, மறுபடி நடங்கள். ஆல்ட் அழுத்தினால் வரும் தலைதெறிக்கும் ஓட்டத்தை முதல் வாரத்தில் மறந்தே விடுங்கள். அதில் தடுக்கி விழவும் செய்வீர்கள். தெருவில் நடக்காமல் வீடுகளின் பின்பக்கமாகப் போங்கள். சி விசையை அழுத்திக் குனிந்து நடந்தால் காலடிச் சத்தம் குறையும். கூட்டம் பின்னால் வந்தால் தாழ்வான வேலியைத் தாண்டுங்கள். அவையும் தாண்டும், ஆனால் விழுந்து எழும். ஒன்றிரண்டு மட்டும் வந்தால் அந்த விழும் நேரம்தான் உங்களுக்கு. பத்து வந்தால் நின்று பார்க்காமல் மரங்களுக்குள் போய், திசை மாற்றி, சுற்றி வாருங்கள். பார்வையிலிருந்து மறைந்தவனை அவை வெகுநேரம் தேடுவதில்லை.

அடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வலது பொத்தானை அழுத்திக் குறி வைத்துக்கொண்டே பின்னால் நகருங்கள், ஆயுதம் எட்டும் கடைசி தூரத்தில் அடியுங்கள். ஒட்டி வந்துவிட்டால் ஸ்பேஸ் பாரால் தள்ளுங்கள். விழுந்தால் தலையில் மிதியுங்கள். நல்ல செருப்போ ஷூவோ காலில் இருந்தால் மிதியும் வலுவாக இருக்கும். மிதிப்பதற்கு ஆயுதம் தேயாது, ஆகையால் ஒற்றை ஜாம்பிக்கு நான் ஆயுதத்தை வெளியே எடுப்பதே இல்லை. மூன்றுக்கு மேல் சேர்ந்தால் சண்டை வேண்டாம். களைப்புச் சின்னம் முதல் நிறத்தில் வந்தவுடனேயே விலகிப் போய், பூட்டிய அறையில் நாற்காலியிலோ படுக்கையிலோ ஓய்வெடுங்கள். ஆட்ட நேரத்தை வேகமாக ஓட்டும் பொத்தான் இருக்கிறது, சலிப்பாக இருக்காது. ஆனால் வேகமாக ஓட்டும்போது திரையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

ஜன்னல் விஷயம். உடைப்பதற்கு முன் ஈ விசையை அழுத்தித் திறந்து பாருங்கள், பல ஜன்னல்கள் பூட்டியே இருக்காது. வீட்டைச் சுற்றி வந்து எல்லா ஜன்னலையும் பின்கதவையும் பார்த்த பிறகும் வழியில்லை என்றால்தான் உடைப்பது. உடைத்த உடனே ஏறாதீர்கள். ஜன்னல்மீது வலது கிளிக் செய்தால் உடைந்த கண்ணாடியை அகற்றும் வழி வரும். அதைச் செய்யாமல் ஏறியதால்தான் உங்கள் கை கிழிந்தது. அலாரம் அடித்தால் பொருளைப் பற்றி யோசிக்கக் கூடாது. அந்த வீடு அன்றைக்கு உங்களுடையது இல்லை, நடையைக் கட்டுங்கள்.

உள்ளே நுழைந்ததும் ஒவ்வொரு அறைக் கதவையும் திறந்துவிட்டு இரண்டடி பின்வாங்கி நில்லுங்கள். கழிவறைக்குள் ஒன்று நிற்கும். எப்போதும் கழிவறைதான், ஏன் என்று தெரியவில்லை.

நான் மருத்துவமனையில் செவிலியர், ஆகையால் காயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பழைய துணியைக் கிழித்துக் கட்டுப்போடலாம். ஆனால் அழுக்கான கட்டை மாற்ற வேண்டும், அப்படியே விட்டால் புண் சீழ் பிடிக்கும். இது ஜாம்பித் தொற்று இல்லை, சாதாரணத் தொற்று, ஆறிவிடும். ஜாம்பித் தொற்றின் கணக்கு வேறு: அவை கீறினால் 7 சதவீத வாய்ப்பு, சதை கிழிந்தால் 25 சதவீதம், கடித்தால் 100. மருந்து கிடையாது. கடி வாங்கியவர் இரண்டு மூன்று நாட்களில் போய்விடுவார்.

வாலாஜா வேட்டு

இவ்வளவு நீட்டுவானேன்? ரோஸ்வுட் காவல் நிலையத்தில் ஷாட்கன் கிடைக்கும். எடுத்து நான்கு சுடு சுட்டால் தெரு காலி.

காட்பாடி சந்திப்பு

அந்தத் தெரு காலியாகும். பிறகு அடுத்த நான்கு தெருக்கள் அங்கே வந்து சேரும். ஒரு குண்டுச் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாமல் புதியவருக்குத் துப்பாக்கி கொடுப்பது அவரை அனுப்பி வைக்கிற ஏற்பாடு.

வாலாஜா வேட்டு

தோட்டா இருக்கும்வரை வரட்டும். குறிபார்க்கும் திறனும் ஏறும்.

சத்துவாச்சாரி அக்கா

தோட்டா தீர்ந்த பிறகு? இரண்டு பேரும் தனி இழை தொடங்கிச் சண்டை போடுங்கள். தம்பி, துப்பாக்கி கிடைத்தால் எடுத்து வையுங்கள், சுடாதீர்கள். கடப்பாரை கிடைத்தால் அதை விடாதீர்கள். லேசில் உடையாத ஆயுதம் அது.

ஆம்பூர் தோல்

எல்லாரும் ஆயுதத்தையே பேசுகிறீர்கள், உடுப்பை யாருமே பேசவில்லை. தோல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன் சும்மா இருக்க முடியுமா?

தோல் ஜாக்கெட் கிடைத்தால் உடனே மாட்டுங்கள். உடம்புக்கும் இரண்டு கைகளுக்கும் கீறல், கடி இரண்டிலிருந்தும் காப்பு.  ஆட்டம் ஜூலையில் தொடங்குவதால் அதைப் போட்டுக்கொண்டு ஓடினால் வெந்துபோவீர்கள், தாகமும் ஏறும். வேலூர் வெயிலில் வளர்ந்தவனுக்கே ஆட்டம் நடக்கும் அமெரிக்காவின் கென்டக்கி வெயிலில் தோல் ஜாக்கெட் தாங்கவில்லை. (ஆகையால் அக்கா சொன்னபடி நடங்கள்.)

ஜாக்கெட் கிடைக்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது. ஊசியும் நூலும் தேடுங்கள். இருக்கிற சட்டை, பேன்ட் மேலேயே ஒட்டுத் துணி தைக்கலாம். பருத்தித் துணி ஒட்டு சுமார், டெனிம் அதைவிடத் தேவலை, தோல் ஒட்டுதான் சிறந்தது. கத்தரிக்கோல் இருந்தால் செத்த ஜாம்பிகளின் ஜீன்ஸையும் தோல் உடுப்புகளையும் வெட்டித் துண்டு எடுக்கலாம். தைக்கத் தைக்கத் தையல் திறனும் வளரும். மழை நாளில் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்வதற்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. முதலில் முன்கையைத் தையுங்கள், பிறகு கழுத்துப் பக்கம். கடி அங்கேதான் விழுகிறது என்பது என் அனுபவம்.

இன்னொன்று. அபோகாலிப்ஸ் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் விதிகளை நாமே மாற்றிக்கொள்ளும் சாண்ட்பாக்ஸ் முறையில் ஜாம்பி எண்ணிக்கையைக் குறைத்து விளையாடுங்கள். தொற்றையே நிறுத்திவிடவும் வழி இருக்கிறது, கடித்தாலும் வெறும் காயம்தான் என்று ஆகிவிடும்.

வாலாஜா வேட்டு

அதற்குப் பேசாமல் விவசாய விளையாட்டு விளையாடலாம்.

ஆம்பூர் தோல்

விளையாடலாமே. இதிலேயே விவசாயமும் இருக்கிறது.

கோட்டை மதில்

பெரியப்பா மகனின் சவால் அபோகாலிப்ஸில்தான் என்றால் அமைப்பை மாற்றுவது செல்லாது. சவால் முடிந்த பிறகு எப்படி வேண்டுமானாலும் ஆடுங்கள். ஆட்டத்தை உருவாக்கியவர்களே வைத்த வழி அது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் சொல்ல வந்தது தங்குமிடம் பற்றி. ஆட்டம் தொடங்கும் நாளைக் கவனித்தீர்களா? 1993 ஜூலை 9. மறுநாள் 10 நம் ஊருக்குத் தெரிந்த தேதி. 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையைப் பிடித்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து வாசற்கதவைத் தகர்த்ததும் அன்றே எல்லாம் முடிந்துபோனது. அகழி இருந்தது, அவ்வளவு பெரிய மதில் இருந்தது. எதிரி உள்ளே வந்துவிட்டால் அதே மதில் நம்மை அடைத்துவைக்கும். புதியவர்கள் இந்த ஆட்டத்தில் முதலில் செய்ய நினைப்பது ஒரு வீட்டைப் பிடித்து எல்லா ஜன்னலுக்கும் பலகை அடிப்பது. சுத்தியல் சத்தத்துக்கே பாதிப் பேர் வந்துவிடுவார்கள், பலகையையும் உடைப்பார்கள். கீழ்த்தளம் முழுக்க அடைபட்ட வீட்டில் நீங்கள் எங்கே போவீர்கள்?

இரண்டு மாடி வீடாகப் பாருங்கள், ஊர் ஓரத்தில். மாடியில் படுங்கள். ஜன்னல் திரைகளை எல்லாம் மூடுங்கள். திரை இல்லாத ஜன்னலில் படுக்கை விரிப்பை மாட்டலாம். வெளியே போகிறவை உங்களைப் பார்க்காமல் இருந்தாலே போதும், முக்கால்வாசிப் பாதுகாப்பு அதுதான். மாடி ஜன்னல் ஒன்றில் படுக்கை விரிப்பால் செய்த கயிறு கட்டி வெளியே தொங்கவிடுங்கள். சுத்தியலும் ஆணியும் வேண்டும். ஜாம்பிக்குக் கயிறு ஏறத் தெரியாது. மாடிப்படியில் காலடி கேட்டால் நீங்கள் ஜன்னல் வழியே இறங்கிவிடலாம்.

முதல் நாள் மாலையே கிடைக்கிற பாட்டில், பானை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வையுங்கள். குழாயும் மின்சாரமும் முதல் 30 நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம், ஒவ்வோர் ஆட்டத்திலும் நாள் மாறும். குடத்தை வரிசையில் வைத்துப் பழகிய மாவட்டத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மின்சாரம் இருக்கும்வரை குளிர்பதனப் பெட்டியில் இருப்பதைத் தின்னுங்கள், டின் உணவைப் பிறகு பார்க்கலாம். டின் திறப்பான் இல்லாமல் டின்களை மட்டும் சேர்த்தால் பார்த்துக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

தொலைக்காட்சி இருந்தால் முதல் வாரம் லைஃப் அண்ட் லிவிங் சேனலைப் பாருங்கள். தச்சு, சமையல் நிகழ்ச்சிகளைப் பார்த்தாலே திறன் ஏறுகிறது. ஒலியைக் குறைத்துவிட்டுப் பாருங்கள்.

குடியாத்தம் தறி

எல்லாருக்கும் நன்றி. ரோஸ்வுட், தீயணைப்பு வீரர். சண்டையே போடாமல் பின்பக்கமாக நடந்து நடந்து, இப்போது ஊர் ஓரத்தில் ஒரு மாடி வீடு. நாட்கள் நகர்கின்றன, எனக்கே நம்பிக்கை இல்லை.

ஆனால் ஒரு சந்தேகம். வீட்டு வாசலில் வந்தவற்றை ஒவ்வொன்றாக மிதித்தே முடித்தேன். ஒரு கீறல் விழுந்தது, கட்டுப்போட்டேன். மறுநாளிலிருந்து குமட்டல் சின்னம் வருகிறது. முடிந்ததா என் கதை? இப்போதே இன்னொரு ஆளைத் தொடங்கிவிடவா?

சத்துவாச்சாரி அக்கா

பொறுங்கள். செத்தவற்றை எங்கே போட்டீர்கள்?

குடியாத்தம் தறி

எங்கேயும் போடவில்லை அக்கா. வாசலிலேயே கிடக்கின்றன. ஒரு குவியலாக.

சத்துவாச்சாரி அக்கா

அதுதான் குமட்டல். பிணங்கள் நிறையக் கிடக்கும் இடத்தில் வாழ்ந்தால் இந்த ஆட்டத்தில் உடம்பு கெடும். கெட்டுப்போன உணவைத் தின்றாலும் குமட்டும். கீறலில் தொற்ற வாய்ப்பு 7 சதவீதம்தான் என்று மேலே எழுதியிருக்கிறேன். இன்னொரு வீட்டுக்குப் போய் ஒருநாள் தங்குங்கள். குறைந்தால் பிணத்தால் வந்தது. குறையாமல் காய்ச்சல், உடல் நிலை என்று மோசமாகிக்கொண்டே போனால் ஜாம்பித் தொற்று. உடல்நலப் பலகை உங்களுக்கு நேராகச் சொல்லாது, நாள் போக்கில்தான் தெரியும். திரும்பி வந்ததும் பிணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வீட்டைவிட்டுத் தள்ளிப் போடுங்கள். பாரம் அதிகம், ஒரே மூச்சில் செய்யாதீர்கள்.

செத்தாலும் அதே உலகத்தில் புது ஆளாகத் தொடங்கலாம். பழைய ஆள் ஜாம்பியாகி உங்கள் பையை மாட்டிக்கொண்டு அலைவார், அவரிடமே போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

காட்பாடி சந்திப்பு

லேப்டாப் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அமைப்புகளில் காட்சிப் பகுதிக்குப் போய் ஒளித்தரத்தைக் கீழே இறக்குங்கள். ரத்தக் கறை அளவைக் குறையுங்கள், பிண நிழலை அணையுங்கள். திரைத் தெளிவை ஒரு படி குறையுங்கள். கூட்டத்தில் திணறுவது பெருமளவு சரியாகும். மின்வெட்டில் லேப்டாப் சட்டென்று அணைந்துபோகிற வாய்ப்பு இருந்தால், பயனர் கோப்புறைக்குள் ஸோம்பாய்ட் என்ற கோப்புறையில் ஸேவ்ஸ் என்று ஒன்று இருக்கும், அதை அவ்வப்போது நகலெடுத்து வையுங்கள். செத்த பிறகு அந்த நகலை ஒட்டுவது பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

குடியாத்தம் தறி

அக்கா, வேறு வீட்டில் குமட்டல் போய்விட்டது. பிணங்களையும் தள்ளிப் போட்டாயிற்று. ஐந்தாம் நாள் ஓடுகிறது. சவாலில் ஜெயித்துவிடுவேன் போலிருக்கிறது. பெரியப்பா மகனிடம் சொன்னால் "ஹெலிகாப்டர் வரட்டும்" என்று மட்டும் சொல்லிச் சிரிக்கிறான். என்ன ஹெலிகாப்டர்? மீட்க வருகிறார்களா?

கோட்டை மதில்

மீட்க யாரும் வருவதில்லை. ஆறாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாளுக்குள் ஒருமுறை வரும். நீங்கள் வெளியே தென்பட்டால் தலைக்கு மேலேயே வட்டமிடும், அந்தச் சத்தத்துக்கு ஊரே திரண்டு வரும். வானொலிப் பெட்டி கிடைத்தால் அவசர அறிவிப்பு அலைவரிசையைத் தேடிப் பிடித்துக் காலையில் கேளுங்கள். வானில் நடமாட்டம் என்று சொன்னால் அன்றுதான். அன்றைக்கு இரண்டே வழி: திரையெல்லாம் மூடி மாடியில் அசையாமல் இருப்பது, அல்லது வீட்டை விட்டு வெகுதூரம் போய் அங்கே ஒரு கூரைக்குள் புகுந்துகொள்வது. இரண்டாவது வழியில் கூட்டம் உங்கள் வீட்டுப் பக்கம் வராது, ஆனால் நடுவழியில் மாட்டினால் கஷ்டம். உங்களுக்கு முதல் வழி.

வாலாஜா வேட்டு

அதற்கு முன் ஒரு கார் பிடியுங்கள். சாவி காருக்குள்ளேயோ பக்கத்தில் கிடக்கும் ஜாம்பியிடமோ இருக்கும். பெட்ரோல் பங்கில் மின்சாரம் இருந்தால்தான் பெட்ரோல் வரும், ஆகையால் டேங்கையும் ஒரு கேனையும் இன்றே நிரப்புங்கள். ஜெனரேட்டர் கிடைத்தால் கொண்டுவாருங்கள். அதை இணைக்க அதற்கான இதழைப் படித்திருக்க வேண்டும். வீட்டுக்குள் மட்டும் ஓடவிடாதீர்கள், புகையிலேயே செத்துவிடுவீர்கள். ஷாட்கன் எடுத்தீர்களா?

குடியாத்தம் தறி

எடுத்து வைத்திருக்கிறேன் அண்ணா. சுடவில்லை.